எங்கள் வெயிலில் உருவான செடிக்குப் பெயரட்டை வேண்டும்

மலர்க் கண்காட்சிக் குழுவினருக்கு வணக்கம்.

இந்த வருடக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பந்தல், குடிதண்ணீர், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டிய விதம் எல்லாமே நிறைவாக இருந்தன. சம்பளம் வாங்காமல் இத்தனை வேலை செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என் மனுவுக்கு நீங்கள் அனுப்பிய ஒற்றை வரிப் பதில் இன்னும் உறுத்துகிறது. "விதிகளில் இடமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வீட்டில் கலப்புச் செய்து உருவாக்கிய ஜெரேனியத்துக்கு, நான் வைத்த பெயரை அடித்துவிட்டு 'பெயர் தெரியாதது' என்று அட்டை வைத்தீர்கள்; அதைப் பற்றித்தான் மனு எழுதியிருந்தேன். கேட்பது ஒன்றுதான். வீட்டில் புதிதாக உருவாக்கிய ரகங்களுக்கு ஒரு தனிப் பிரிவு வையுங்கள். அட்டையில் ரகத்தின் பெயர், உருவாக்கியவர் பெயர், தாய்ச் செடி எது, தந்தைச் செடி எது என்ற நான்கையும் எழுதுங்கள்.

உங்கள் படிவத்தில் 'ரகத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அடுத்த கட்டம் 'வாங்கிய இடம்'. முதலாவதில் 'சித்திரை' என்று எழுதினேன். இரண்டாவதில் 'வாங்கவில்லை, வீட்டில் கலப்புச் செய்து உருவாக்கியது' என்று எழுதினேன். நர்சரி ரசீது இல்லாமல் பெயரை ஏற்க முடியாது என்று பதிவு மேசையில் சொன்னார்கள். என் கண் முன்னாலேயே 'சித்திரை'யை அடித்துவிட்டு 'பெயர் தெரியாதது' என்று எழுதி, தொட்டியை 'இதர செடிகள்' மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். யாருக்குத் தெரியாது? அதற்குப் பெயர் வைத்த நான் மேசைக்கு இந்தப் பக்கம்தானே நின்றுகொண்டிருந்தேன்?

மேசையில் இருந்த தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. படிவத்தில் உள்ளதைத்தான் அவர் செய்தார். அந்தப் படிவத்தை எழுதியவர்களிடம்தான் நான் பேசுகிறேன்.

செட்டிநாட்டில் ஜெரேனியத்தை உயிரோடு வைத்திருப்பதே பெரும்பாடு. நாம் தொட்டியில் வைக்கும் இந்தச் செடியைத் தாவரவியலில் பெலர்கோனியம் என்பார்கள். பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. இலையில் வளையம் போட்ட இன்றைய தொட்டி ரகங்கள் பெரும்பாலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன காட்டு இனங்களைக் கலந்து வந்தவை. இரவு குளிர்ந்தால்தான் அதற்குச் சுகம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஜன்னலோரத்தில் பூத்துக் குலுங்கும். இங்கே பங்குனி பிறந்ததும் மொட்டு கருகும், கொழுந்து வெளுக்கும். சித்திரையில் மனம் இரங்கி ஒரு குவளை தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டால் அடித்தண்டு கறுத்து அழுகிச் சாய்ந்துவிடும்.

அப்படிச் சாயாத ஒன்றை உருவாக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் பல வருடமாகக் கிடந்த செங்கல் சிவப்பு ஒற்றைப்பூதான் தாய்ச் செடி. கொத்து சிறியது, ஆனால் எந்தக் கோடைக்கும் சாகாது. தந்தைச் செடி மலையிலிருந்து வந்த சால்மன் நிறப் பெரிய கொத்து. அது நம் வெயிலில் ஒரு சித்திரையைக்கூடத் தாண்டாது.

இந்த ஊரில் கலப்புச் செய்ய மார்கழி, தை, மாசி மட்டும்தான் காலம். வெயில் ஏறினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். ஜெரேனியம் பூவில் முதலில் மகரந்தப்பைகள் வெடிக்கும். சில நாள் கழித்துத்தான், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி ஐந்து கிளையாக விரியும். பூ விரியும்போதே ஊசி முனையால் மகரந்தப்பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மெல்லிய துணிப்பை போட்டு மூடிவைக்க வேண்டும். சூல்முடி விரிந்த அன்று காலையில், பனி காய்ந்த பிறகு, தந்தைச் செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு வைக்க வேண்டும். பிடித்தால் காய் கொக்கு மூக்குப் போல நீளும். முற்ற ஒரு மாதமாவது ஆகும். ஒரு பூவுக்கு அதிகம் போனால் ஐந்து விதை. ஒவ்வொன்றுக்கும் இறகு வால் உண்டு, காய் வெடிக்கும் நேரத்தில் பக்கத்தில் இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும். விதைத் தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து விதைத்தால்தான் ஒன்றுபோல முளைக்கும்.

முதல் தலைமுறையில் எல்லாம் சிவப்பாகவே வந்தன. அவற்றைத் தங்களுக்குள் கலந்த பிறகுதான் நிறமும் குணமும் பிரிந்து வந்தன. தையில் கலந்து, விதையைப் பத்திரப்படுத்தி, ஆவணியில் விதைத்து, மறு தையில் பூப் பார்த்து, அந்தச் சித்திரையில் எது நிற்கிறது என்று பார்த்து, நின்றதை அதற்கடுத்த தையில் மறுபடி கலக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு இரண்டு வருடம். அதிலும் வழி அடைபடுவது உண்டு. செடியின் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம் 18 உள்ள ரகமும் இருக்கிறது, 36 உள்ள ரகமும் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் வருகிற செடி அழகாகப் பூக்கும், ஆனால் விதை பிடிக்காது. அந்தக் கிளை அதோடு முடிந்தது.

இதையெல்லாம் கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கஷ்டம் அக்னி நட்சத்திரத்தில்தான். மே முதல் வாரத்தில், அதுவரை முற்றத்து நிழலில் வளர்ந்த தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவேன். போர் தண்ணீர் உப்பு என்பதால், ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மூடி வைத்திருப்பேன். அதில் அளந்து ஒரு வேளை தண்ணீர். அவ்வளவுதான். அப்புறம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். விதையிலிருந்து வளர்த்த கையாலேயே கன்றுகளைச் சாக விட வேண்டும். நிழலுக்கு நகர்த்தினால் பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் தேர்வு பொய்யாகிவிடும். அழகான நிறங்களே முதலில் போகும். தையில் பார்த்தவர்கள் எல்லாம் கேட்ட வெளிர் இளஞ்சிவப்புக் கன்று ஒன்று இருந்தது. அது போன மதியம் வீட்டில் யாரோடும் நான் பேசவில்லை. இப்படிச் செத்துச் செத்து மிச்சம் நின்ற வரிசையிலிருந்து வந்ததுதான் 'சித்திரை'. ஆரஞ்சு கலந்த சிவப்பு, கைக்கு அடங்கும் கொத்து, இலை வளையம் கருமையாக இருக்கும். கத்திரி வெயிலிலும் கொழுந்து வெளுக்காது. வைகாசியில் மற்றவை குச்சியாக நிற்கும்போது இது மொட்டு வைக்கும்.

இந்தச் செடிக்குத்தான் 'பெயர் தெரியாதது' என்று அட்டை வைத்தீர்கள்.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. இறுதி நாள் மாலை தொட்டியை எடுக்க வந்தபோது பக்கக் கிளைகள் மூன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ தட்டி ஒடிந்தது என்றால் ஆற்றிக்கொள்ளலாம். கணுவுக்குக் கீழே கத்தியால் சீராக நறுக்கியிருந்தது. கட்டிங் வைக்கத் தெரிந்த கை. ஜெரேனியத்துக்கு விரல் நீளக் குச்சி போதும். மணலில் குத்தி நிழலில் வைத்தால் சில வாரத்தில் வேர் விட்டு, தாயின் அச்சு அசலாக வந்துவிடும். இத்தனை தலைமுறை வேலையும் ஒரு சட்டைப் பையில் அடங்கி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. நான் குச்சி கொடுக்காதவள் இல்லை. பள்ளத்தூரிலும் கோனாப்பட்டிலும் என் தொட்டியிலிருந்து போன செடிகள் எத்தனையோ வீட்டில் இருக்கின்றன. கேட்டால் பெயரைச் சொல்லிக் கொடுப்பேன். இப்போது எடுத்தவருக்கோ சொல்வதற்குப் பெயரே இல்லை, அட்டையில்தான் பெயர் இல்லையே. நாளைக்கு அது ஏதோ ஒரு நர்சரியில் வேறு பெயரோடு, ரசீதோடு விற்பனைக்கு வந்தால், உங்கள் படிவப்படி அந்தப் பெயர்தான் செல்லும். நான் அதே செடியைக் கொண்டு வந்தால் என்னிடம் ரசீது கேட்பீர்கள். இது நியாயமா என்று குழுவில் ஒருவராவது யோசித்துப் பார்த்தீர்களா?

சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். பார்த்தேன். 2001ஆம் வருடத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு அறிவிக்கை செய்த பயிராக இருந்தால்தான் பதிவு செய்ய முடியும். மற்ற ரகங்களிலிருந்து வேறுபடுகிறதா, ஒரே சீராக இருக்கிறதா, பெருக்கினாலும் மாறாமல் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். பதிவானால் மரம், கொடி தவிர்த்த பயிர்களுக்கு 15 வருடம் வரை பாதுகாப்பு. முற்றத்தில் தொட்டி வளர்க்கும் ஒருத்தி டெல்லி வரை அந்த வாசலுக்குப் போய் வருவது பெரிய காரியம். அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் பதிவேட்டில் தேதியோடு ஒரு வரி கேட்கிறேன். இன்ன செடி, இன்னார் உருவாக்கியது, இன்ன நாளில் காட்சிக்கு வந்தது என்று எழுதி வைத்தால், பின்னால் யாராவது கேட்கும்போது காட்டுவதற்கு அது ஒரு சான்று.

பெரிய கண்காட்சிகள் இதைச் சிறுமையாக நினைப்பதில்லை. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் டொனால்டு வாட்டரர், ரோசான் வாட்டரர் என்ற தம்பதியின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு நீலப்பூ ஜெரேனியம் தானாகக் கலந்து முளைத்தது. அது பெலர்கோனியம் இல்லை, நிஜ ஜெரேனியம். தாய் தந்தை இரண்டும் நம் இமயமலைப் பக்கத்து இனங்கள். அந்த அம்மாவின் பெயராலேயே 'ரோசான்' என்று 2000ஆம் வருடம் விற்பனைக்கு வந்தது. 2013இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடியாக அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த செடி, வீட்டுக்காரியின் பெயரோடு, அவ்வளவு பெரிய மேடையில் நின்றது.

நம் ஊரில் இந்த மனசு எப்போது போனது என்று எனக்குப் புரியவில்லை. நம் பெரியவர்கள் பர்மாவிலிருந்து தேக்கைக் கொண்டு வந்தார்கள், இத்தாலியிலிருந்து பளிங்கைக் கொண்டு வந்தார்கள். ஆனால் தரைக்குப் போடும் கல்லை ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையாலேயே செய்துகொண்டார்கள். அந்தக் கல்லைப் பார்க்க இன்றைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். யாரும் ஆத்தங்குடிக்காரரிடம் 'எங்கே வாங்கினாய்' என்று கேட்பதில்லை. செடிக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? இந்த வருடம் ஜெரேனியத்தில் பரிசு பெற்ற தொட்டிகள் கண்காட்சிக்குச் சில நாள் முன்னால் மலையிலிருந்து வேனில் இறங்கியவை. வளர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை, பூக்கள் அருமையாக இருந்தன. ஆனால் மாசியில் கொத்தின் அளவை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், இந்த மண்ணில் இருக்கப் போகிற செடி எது என்று பார்க்கிற மக்களுக்கு எப்படித் தெரியும்? வாங்கிப் போய் வைத்து, சித்திரையில் காய்ந்ததும் 'நமக்குக் கை ராசி இல்லை' என்று தொட்டியைக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் இங்கே நிறைய. கை ராசியில் குறை ஒன்றும் இல்லை. ரகம்தான் இந்த ஊருக்கு ஆகாதது.

நான் மட்டும் இல்லை. செம்பருத்தியில் கலப்புச் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். விதையிலிருந்து அடீனியம் வளர்த்து, மடல் அடுக்காக வருகிறதா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். காகிதப்பூவில் ஒரு கிளை மட்டும் நிறம் மாறியதைக் கண்டு அதைத் தனியாகப் பதியம் போட்டு வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். 'இதர செடிகள்' மேசைக்குப் போகப் பிடிக்காமல்தான் இவர்கள் உங்கள் பந்தலுக்கு வருவதில்லை. வாசலைத் திறந்தால் வருவார்கள்.

ஆகவே மரியாதையோடு மறுபடி கேட்கிறேன். வீட்டில் உருவான புதிய ரகங்களுக்கு அடுத்த வருடத்திலிருந்து ஒரு தனிப் பிரிவு வேண்டும். அட்டையில் உருவாக்கியவர் பெயர் வேண்டும். ரசீதுக்குப் பதிலாகக் கலப்புக் குறிப்பேட்டைச் சான்றாக ஏற்க வேண்டும். அந்த மேசையைச் சுற்றி ஒரு கயிறும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். ஆள் செலவு சிரமம் என்றால் நாங்களே முறை வைத்து நிற்கிறோம். முடிந்தால் அந்தப் பிரிவுக்கு மட்டும் வைகாசியில் நடுவர்கள் ஒரு முறை வீட்டுக்கு வந்து செடியைப் பார்த்து மதிப்பெண் போடட்டும். அது கூடுதல் வேலை என்று தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. பெயரட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆடியில் உங்கள் கூட்டம் கூடும்போதுதான் படிவம் மறுபடி அச்சுக்குப் போகும் என்று அறிகிறேன். அதற்கு முன் ஒரு நாள் எனக்குக் கால் மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். கலப்புக் குறிப்பேடு, தாய்ச் செடி, தந்தைச் செடியின் படங்கள், வெட்டுப்பட்ட அந்தத் தொட்டி எல்லாவற்றையும் கொண்டு வருகிறேன். 'சித்திரை'யில் வேர் பிடித்த கன்றுகள் இன்னும் சில கையில் இருக்கின்றன. குழுவினர் ஆளுக்கொன்று எடுத்துப் போய் உங்கள் வீட்டிலேயே வைத்து வரும் கோடையில் சோதித்துக்கொள்ளலாம். இந்த முறை பதிலை ஒற்றை வரியில் முடிக்காமல், சரி என்றாலும் இல்லை என்றாலும், காரணத்தோடு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
'சித்திரை' ஜெரேனியத்தை உருவாக்கியவள்,
பள்ளத்தூர்.