உன் லேப்டாப் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். லேப்டாப் விஷயம்தான், பயப்படாதே. அம்மாவுக்கு சுகர் மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். அக்கா வியாழக்கிழமை வந்து போனாள், அதை அப்புறம் எழுதுகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் நீ கிளம்பும்போது, திரையில் பச்சையாய் ஒரு கோடு விழுகிறது, வாரண்டியில் கொடுத்து வையுங்கள் என்றாய். ஆபீஸ் லேப்டாப் இருக்கிறது, சமாளித்துக்கொள்வேன் என்றும் சொன்னாய். ஆனால் வந்தபோது தோளில் ஒரு பைதானே இருந்தது. சரி, அது உன் விஷயம்.

சிம்மக்கல்லில் 26 வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன், சோதிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போவேனா? முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனில் பார்த்தேன், அதில் கோடு இல்லை. ஹெச்டிஎம்ஐ ஒயரை ஹால் டிவியில் சொருகினேன், அங்கேயும் படம் சுத்தம். அப்படியென்றால் போர்டு நன்றாக இருக்கிறது. மூடியை முன்னும் பின்னும் அசைத்தேன். கோடு மினுக்கினால் கீல் வழியாகப் போகிற ஒயர் என்று சந்தேகப்படலாம், அது அசையவே இல்லை. அந்தக் காலத்துப் பிக்சர் டியூப்பில் குறுக்கே ஒற்றைக் கோடு விழுந்தால் வெர்டிகல் ஐசி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். இதில் நெட்டுக்குத்தாக நின்றால், பெரும்பாலும் பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஃபிலிம் பிடிப்பு விட்டிருக்கும். தொழில் இன்னும் மறக்கவில்லை பார்.

டிவியில் போட்டபோது உன் டெஸ்க்டாப் மொத்தமும் ஹாலில் தெரிந்தது, 43 இன்ச்சில். நான் எதையும் திறக்கவில்லை. பெயர்கள் கண்ணில் பட்டன, அவ்வளவுதான். 'ரெஸ்யூம் புதுசு', 'ரெஸ்யூம் கடைசி', 'ரெஸ்யூம் கடைசி 4'. அம்மா அடுப்படியில் இருந்தாள், ஒயரைப் பிடுங்கிவிட்டேன். நல்ல இடம் கிடைத்தால் மாறத்தான் வேண்டும், யார் மாறாமல் இருக்கிறார்கள்.

பில்லை மட்டும் தொலைத்துவிடாதே. பைபாஸ் ரோட்டு சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டதே அதைத்தான். உள்ளே இருக்கிற ஃபைலுக்கெல்லாம் பொறுப்பில்லை என்று ஜாப் ஷீட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள், அதனால் கொடுப்பதற்கு முன்பே அக்கா மகனை வைத்து எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட்டேன். நீயும் காப்பி எடுத்து வைத்துப் பழகு, எத்தனை தடவை சொல்வது.

மூன்றாம் நாள் போன் வந்தது. கண்ணாடி மூலையில் கீறலாம், பிசிக்கல் டேமேஜாம், வாரண்டி கிடையாதாம், புதுப் பேனலுக்கு 12,400 ரூபாயாம். நேரில் போய்ச் சத்தம் போட்டேன். வாரண்டி இன்னும் 2 மாதம் இருக்கிறது, 1915க்குப் போன் போடுவேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கட்டாமலே நுகர்வோர் ஆணையத்தில் கேஸ் போடலாம், தெரியுமா என்றெல்லாம் கேட்டேன். அந்தப் பையனுக்கு உன் வயசு இருக்கும். எதிர்த்துப் பேசவில்லை. "முன்னாடி பிரேமை யாரோ கழட்டியிருக்காங்க சார்" என்று போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினான்.

கழற்றியது நான்தான். டிவி பேனலில் அந்த ஓரத்தை அழுத்தினால் சில சமயம் கோடு போய்விடும், இதிலும் அப்படிச் செய்து, அப்பாவே சரிபண்ணிவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல நினைத்தேன். இது அப்பளம் மாதிரி இருக்கிறது தம்பி. 'டிக்' என்று ஒரு சத்தம். பிரேமைத் திரும்ப மாட்டி, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கவுண்டரில் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

மறைப்பது எனக்குப் புதிதல்ல. உனக்கு அரசாங்க லேப்டாப் கிடைத்த வருஷம்தான் கடையைக் காலி செய்தேன். நாலு மாதம் வீட்டில் சொல்லவில்லை. காலையில் டிபன் கேரியரோடு கிளம்பி, கோயில் ஆடி வீதியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். கடன் வாங்கி வருமானம் என்று கொடுத்தேன். அந்த வட்டிக்குத்தான் அக்காவின் வளையல் போனது, திருட்டுப் போனது என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். உங்கம்மாவுக்கு முதல் வாரமே தெரியுமாம். நானாகச் சொல்லட்டும் என்று தினமும் கேரியரைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

பேனலுக்குப் பணம் கட்டிவிட்டேன், நீ அனுப்பாதே. அனுப்பினால் திருப்பிவிடுவேன். பில் உன் பெயரில்தான் போட்டிருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன். லேப்டாப்பை வெள்ளிக்கிழமை தருவார்கள். அதைக் கூரியரில் போட எனக்குத் தைரியம் இல்லை, நீயே வந்து எடுத்துக்கொள். லீவு கேட்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டு வா, வேண்டியதில்லை என்றால் நேரே பஸ் ஏறு. எத்தனை நாள் என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மதியம் போன் போடுவேன். எடு.

அப்பா

அக்கா வந்ததைப் பற்றி எழுதாமலே விட்டுவிட்டேன். நல்ல சேதிதான், வந்தால் அவளே சொல்வாள்.