ஏன் இரண்டே டெண்டர்? மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒப்பந்ததாரர்கள் கூட்டத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "எட்டு வடிகால் வேலைக்கு டெண்டர் விட்டோம். அஞ்சு வேலைக்கு ரெண்டு பேர்தான் போட்டிருக்கீங்க, மூணுக்கு ஒருத்தர். பதிவு பண்ணினவங்க இத்தனை பேர் இருக்கீங்களே, மத்தவங்கல்லாம் எங்கே?" அன்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். பதில் தெரியாமல் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். இந்த மடலிலும் என் பெயரையோ ஊரையோ போடவில்லை. என் பில் ஒன்று இன்னும் உங்கள் கணக்குப் பிரிவில் கிடக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலையைச் செய்து முடித்த பிறகு பணம் என்றைக்கு வரும் என்று தெரியாத இடத்தில் விலை போட யாருக்கும் மனம் வராது. அப்படியும் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் நிலை ஒப்பந்ததாரர், அதாவது சிறிய தொகை வேலைகளுக்கு மட்டும் பதிவு பெற்றவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவில் வடிகாலும் இரண்டு சிறுபாலமும் கட்டும் வேலை. மதிப்பீடு 18 லட்சம். 7 சதவீதம் லெஸ், அதாவது மதிப்பீட்டை விடக் குறைவாகப் போட்டு எடுத்தேன், 16.74 லட்சம். மூன்று மாதத்தில் முடித்துக் கொடுத்தேன். இளநிலைப் பொறியாளர் வந்து அளந்து எம் புக்கில், அதாவது வேலையின் அளவுப் பதிவேட்டில் எழுதினார். மேலே இருப்பவர் அந்த அளவைச் சரிபார்க்க, செக் மெஷர்மென்ட் செய்ய வருவதற்கு ஏழு வாரம் ஆனது. அப்புறம் பில் கணக்குப் பிரிவுக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. "ஃபண்ட் இல்லை, வரட்டும்." பதினான்கு மாதம்.

வேலைக்காக வெளியில் 12 லட்சம் வாங்கியிருந்தேன், மாதம் 2 வட்டி. மாதம் 24 ஆயிரம் வீதம் பதினான்கு மாதத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். அந்த வேலையில் எனக்கு நிற்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தது ஒன்றரை லட்சம். ஆக, ஊருக்கு வடிகால் கட்டிக்கொடுத்ததற்கு என் கையிலிருந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் போனது. இதில் எந்த அதிகாரியும் என்னிடம் ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டிருந்தால் ஒருவேளை சீக்கிரம் முடிந்திருக்குமோ என்று வீட்டில் சொன்னார்கள். அந்தப் பேச்சு வந்ததே எனக்குப் பெரிய அவமானம்.

டெண்டர் திறக்கும் நாள் வரைக்கும் நம் தமிழ்நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1998இலேயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துவிட்டது, 2000இல் விதிகள். டெண்டர் போட, 2 கோடி வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேரம் பேசுவதாக இருந்தாலும் குறைந்த விலை போட்டவரிடம் மட்டும்தான் பேசலாம். முடிவில் குறை இருந்தால் 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு. எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒர்க் ஆர்டர் கையில் வந்த பிறகு இந்தச் சட்டத்தில் எனக்குத் துணையாக ஒரு வரி இல்லை. நான் ஒரு நாள் தாமதித்தால் அபராதம் போட அக்ரிமென்டில் பிரிவு இருக்கிறது. நீங்கள் ஒரு வருடம் தாமதித்தால் என்ன என்பதற்கு எதுவும் இல்லை.

எங்கள் ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். 2006ஆம் வருடத்துச் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. சந்தோஷமாகப் போய் வக்கீலைக் கேட்டால், கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார். வழக்குப் போட்டால் அடுத்த டெண்டரில் என் பேப்பரில் என்னென்ன குறை கண்டுபிடிக்கப்படும் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கும்போது யார் டெண்டர் போடுவார்? இரண்டு வகை. ஒருவருக்குக் காத்திருக்கும் சக்தி இருக்கிறது: சொந்த பிளான்ட், சொந்த லாரி, பத்து இடத்தில் வேலை. அவர் காத்திருக்கும் காலத்துக்கான வட்டியையும் விலையிலேயே ஏற்றிவிடுவார்; சிங்கிள் டெண்டர் என்றால் கேட்கவே வேண்டாம். இன்னொருவருக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் பில் எந்த மேசையிலும் தங்காது. எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. 2021இல் கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கம் 40 சதவீதக் கமிஷன் என்று பிரதமருக்கே குற்றச்சாட்டை எழுதி அனுப்பியபோது, அந்த எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பணத்துக்காகக் காத்திருக்கும் ஆளிடம்தான் எதையும் கேட்க முடியும் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மூன்றாவதாக ஒருவரும் வருவார். புதுசு. சிவில் டிப்ளமோ முடித்த பையன், அப்பாவின் ஓய்வூதியப் பணத்தோடு வந்து 25 லெஸ் போடுவான். அவ்வளவு குறைத்தால் கூடுதல் வைப்புத்தொகை வாங்குகிறீர்கள், சரி. அதனால் கம்பியின் இடைவெளி கூடாமல் இருக்குமா? ஆறு இஞ்ச் என்று வரைபடத்தில் இருப்பது எட்டாகும், கான்கிரீட்டில் சிமென்ட் குறையும். அடுத்த மழையில் ஸ்லாப் உடைந்தால் அவனைப் பிளாக்லிஸ்ட் செய்வீர்கள். அதற்கு முன்பே அவன் தொழிலை விட்டுப் போயிருப்பான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை டம்மி, அதாவது வேலை எனக்கு வரக் கூடாது என்றே ஒரு டெண்டர் போட்டிருக்கிறேன். நண்பருக்கு வேலை, கூட ஒரு டெண்டர் வேண்டும் என்றார், என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஆன்லைன், இனி கூட்டுச் சதி நடக்காது என்கிறார்கள். நாலு பேருடைய டோக்கனும் ஒரே பிரவுசிங் சென்டரின் மேசை டிராயரில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரே கணினி, ஒரே ஐ.பி. முகவரி, ஒரு விலைக்கும் அடுத்த விலைக்கும் இருபது நிமிட இடைவெளி. கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவு தேவையில்லை, பதிவைத் திறந்து பார்த்தால் போதும். 2002ஆம் வருடத்துப் போட்டிச் சட்டத்தில் இதற்கு வருமானத்தில் 10 சதவீதம் வரை அபராதம் உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு டோக்கனை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அப்புறம் அந்த 'இடத்தை நேரில் பார்வையிட்ட சான்று'. டெண்டரோடு அதை இணைக்க வேண்டும், அதில் உங்கள் பொறியாளர் கையெழுத்து வேண்டும். அவர் சைட்டில் இருப்பார், மீட்டிங்கில் இருப்பார், லீவில் இருப்பார். நான் தேடி அலைவதற்குள், இந்த வேலைக்கு இன்னார் வருகிறார் என்ற செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். சாயங்காலமே போன் வரும்: "அண்ணே, இது நம்ம வேலை, நீங்க அடுத்ததைப் பாத்துக்குங்க." ஆன்லைனில் யார் போடுகிறார் என்பதை ரகசியமாக வைத்துவிட்டு, வாசலில் பெயர் எழுதி வாங்குவது என்ன நியாயம்? அதை எடுத்துவிடுங்கள். ஒரு பைசா செலவில்லை.

பேக்கேஜ் டெண்டர் பற்றி ஒரு வார்த்தைதான். நாற்பது தெருவைச் சேர்த்துக் கட்டி ஒரே டெண்டராக விட்டால் உங்களுக்கு ஃபைல் குறையும். எங்களைப் போன்றவர்களின் பதிவு நிலைக்கு அந்தத் தொகையைத் தொடவே முடியாது. பிறகு அதே தெருக்களை சப் கான்ட்ராக்டில் நாங்கள்தான் செய்கிறோம், இன்னும் குறைந்த விலைக்கு.

சென்னையில் கொசஸ்தலையாற்றுப் படுகை வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடன். கடன் கொடுத்தவன் கேள்வி கேட்பான், தனிக்கணக்கில் பணம் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பெரிய நிறுவனங்கள் கிளம்பி வருகின்றன. மாநகராட்சியின் பொது நிதியில் ஒரு தெரு வடிகால் என்றால் உள்ளூர்க்காரனே ஒதுங்குகிறான். வடிகால் இரண்டும் ஒரே கம்பி, ஒரே ஜல்லிதான். எங்கள் சங்கத்தில் டெண்டர் அறிவிப்பு வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி "எவ்வளவு வேலை?" என்பதல்ல, "எந்த ஃபண்ட்?" என்பதுதான்.

தாமதத்தால் வரும் வேறு தொல்லையும் உண்டு. 2022 ஜூலை 18 முதல் உள்ளாட்சி வேலைகளுக்கான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 18 ஆனது. பழைய விகிதத்தில் விலை போட்டு, வேலை பாதியில் இருந்தவர்கள் எல்லாம் அந்த 6 சதவீதம் யார் தலையில் என்று கடிதம் எழுதியே களைத்துப்போனோம்.

சரி, என்ன செய்யச் சொல்கிறேன்? உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம். வேலையின் பெயர், எம் புக்கில் அளவு ஏறிய நாள், பில் கணக்குப் பிரிவுக்கு வந்த நாள், பணம் போன நாள். நாலே நாலு கட்டம். வந்த வரிசையில் பணம் போக வேண்டும். வரிசை மாறினால் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். வெள்ள நிவாரண வேலை முந்திப் போனால் யாரும் சண்டைக்கு வரமாட்டோம். என் பில் 31ஆவது என்று தெரிந்தால் வட்டிக்காரரிடம் அதைக் காட்டியாவது தவணை கேட்பேன். இப்போது எனக்குக் காட்ட எதுவும் இல்லை, "ஆபீஸில் சொன்னாங்க" என்பதைத் தவிர.

கூடவே, பணம் ஒதுக்காமல் டெண்டர் விட வேண்டாம். மன்றத்தில் தீர்மானம் போட்டாயிற்று, வார்டு கவுன்சிலர் பூமி பூஜை தேதி குறித்துவிட்டார் என்பதற்காக வரும் டெண்டர்களைத்தான் சொல்கிறேன். எட்டு வேலைக்குப் பதில் ஐந்து விடுங்கள். மீதி மூன்றுக்காகக் கவுன்சிலர்கள் உங்கள் மேல் கோபப்படுவார்கள் என்பது தெரியும். நாங்கள் படும் கோபத்துக்கு அது குறைவுதான்.

அந்தச் சிங்கிள் டெண்டர் வந்த மூன்று வேலைகளை மறுடெண்டர் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒன்று என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. மதிப்பீட்டைப் பார்த்தேன், விலை கட்டுப்படியாகும், மேஸ்திரியும் சும்மாதான் இருக்கிறார். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத்தொகையான ஈ.எம்.டி.க்கும் பணம் புரட்டிவிடுவேன். அறிவிப்பில் நிதி ஆதாரம் என்ற இடத்தில் இந்த முறை என்ன எழுதப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் நிலை ஒப்பந்ததாரர்