ஓக்லஹோமாவில் இருக்கும் கண்ணுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. வேறு பெரிய செய்தி ஒன்றும் இல்லை.

நீ அனுப்பிய படம் வந்தது. ஓக்லஹோமா நகரத்து வெண்கலக் குதிரைகள், வண்டிகள், பாய்ந்து வருகிற ஆட்கள். பாப்பா நன்றாக உயரம் போட்டுவிட்டாள். பக்கத்தில் நீ. படம் எடுத்தது என் மருமகளா? போன மாதப் படத்திலும் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்கள்.

"இதை எதுக்கு வச்சிருக்காங்க, டீச்சரம்மா சொல்லுங்க" என்று கேலி வேறு. வரலாறு நடத்தியவளிடம் கேட்டுவிட்டுத் தப்பிக்க முடியுமா?

1889 ஏப்ரல் 22, நண்பகல். ஓக்லஹோமாவில் ஜனம் குடியேற அரசாங்கம் நிலத்தைத் திறந்துவிட்ட நாள். வெடிச் சத்தம் கேட்டதும் சுமார் 50,000 பேர் குதிரையிலும் வண்டியிலும் ரயிலிலும் உள்ளே பாய்ந்தார்கள். முதலில் போய் முளைக்குச்சி அடித்தவருக்கு 160 ஏக்கர். ரயில் நிலையமும் நில அலுவலகமும் தவிர ஒன்றுமில்லாமல் கிடந்த கத்ரி என்ற இடம், பொழுது சாய்வதற்குள் கூடார ஊராகிவிட்டது. முன்கூட்டியே திருட்டுத்தனமாக நுழைந்து ஒளிந்திருந்தவர்களைச் 'சூனர்' என்று திட்டினார்கள். இப்போது உங்கள் மாநிலமே அந்தப் பேரைப் பெருமையாக வைத்துக்கொண்டிருக்கிறது! அந்த மண் அதற்கு முன் கிரீக், செமினோல் மக்களுடையது. வேறு பழங்குடிகளைக் குடிவைக்க என்று சொல்லி 1866இல் எழுதி வாங்கினார்கள். யாரைக் குடிவைத்தார்கள் என்பதுதான் அந்த வெண்கலத்தில் இருக்கிறதே. பாப்பாவுக்கு அதையும் சேர்த்துச் சொல்.

1890 கணக்கெடுப்பை வைத்து, மேற்கே குடியேற்ற எல்லை என்று கோடு போட இனி இடமில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. 1893இல் டர்னர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் சிகாகோவில் அதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் ஒரு காலகட்டமே முடிந்தது என்று பேசினார். எல்லை மூடியதே தவிர ஜனம் போவது நிற்கவில்லை. 1890க்கு முன் கொடுத்ததைவிட அதற்குப் பிறகு கொடுத்த இலவச நிலம்தான் அதிகம். நல்ல மண் தீர்ந்து, மழை ஏமாற்றுகிற மண்தான் மிஞ்சியிருந்தது.

எனக்கு அந்த ஓட்டம் பெரிதாகத் தெரியவில்லை. அது ஒரு மதியத்துச் சமாச்சாரம். இலவச நிலம் கொடுத்த 1862 சட்டப்படி பட்டா கைக்கு வர ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். காசுக்கு வழியில்லாமல் எத்தனையோ புருஷன்மார் ரயில் பாதை வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்க பெண்டாட்டி அங்கேயே கிடப்பாள். மரமில்லாத புல்வெளி. புல் வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கினால் அதுதான் சுவர், கூரையும் அதேதான். வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சேறு சொட்டும். சமைக்கிற சட்டியில் மண் விழாமல் இருக்க கூரைக்கடியில் துணி கட்டி வைப்பார்கள். பக்கத்து வீடு கண்ணுக்கு எட்டாது. நாள் முழுக்கக் காற்றுச் சத்தம். இதில் ஒன்று பார், கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் தன் பேரில் நிலம் கேட்கலாம். புருஷனோடு போனவளுக்கு அது கிடையாது. காகிதமெல்லாம் அவன் பேரில்தான்.

அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடு கண்ணு. உங்கள் ஊரில் நடந்துபோய் ஒரு கொத்து கருவேப்பிலை வாங்க முடியாது என்று நீயே சொன்னாய்.

வீடு வாங்கியதில் எங்களுக்குப் பெருமைதான். டீக்கடையில் அப்பா சொல்லாத ஆள் பாக்கியில்லை. சரி, உன்னுடையது வேலை விசா, அவளுடையது டிபென்டன்ட் விசா, வேலைக்குப் போகக் கூடாது என்கிறாய். சட்டத்தை நீ என்ன செய்வாய்? ஆனால் கார் ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே. இங்கே பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து ஊரே சத்தம் போட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவள் அவள். இப்போது "நல்லாருக்கேன் அத்தை"க்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. பின்னால் உன் குரல்தான் கேட்கிறது.

நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. திருப்பூர்ச் சித்தி முதல் இரண்டு வருடம் எப்படி இருந்தாள் என்று உனக்கே தெரியும். அப்போதும் யார் கேட்டாலும் நல்லாருக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சின்ன வயதிலிருந்தே நீ எதிலும் முந்துகிற பிள்ளை. அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்ததும் நாங்கள்தான். கோபப்படாதே.

கார் விஷயத்தை மறக்காதே. சனிக்கிழமை காலி பார்க்கிங்கில் ஆரம்பித்தாலே போதும், பாப்பாவை நீ பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், காலையில் நீ ஆபீஸ் போன பிறகு அவளை எனக்குப் போன் போடச் சொல். இங்கே ராத்திரி எட்டு மணி இருக்கும். அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருப்பார், நான் சும்மாத்தான் இருப்பேன். வீடியோ வேண்டாம், வெறும் போன் போதும்.

அன்புடன்,
அம்மா