அழுகிற குழந்தையை விடுங்கள், அந்த போனை அணையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைகளை விமானத்தில் ஏற்றவே கூடாது, ஏற்றினாலும் கடைசி வரிசையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய எரிச்சல் எனக்குப் புரியாமலில்லை. மகள் சிங்கப்பூரில் இருப்பதால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது திருச்சியிலிருந்து போய்வருகிறேன், பெரும்பாலும் ராத்திரி விமானம், நாலு மணி நேரத்தில் கண்ணை மூடாமல் வந்த பயணங்களே அதிகம். ஆனால் அவர் கோபித்துக்கொள்ள வேண்டிய ஆள் அந்தக் கைக்குழந்தை இல்லை.

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலத்தான், கிட்டத்தட்ட ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊட்டியிலிருந்து அரை மணி நேரத்தில் திருச்சிக்கு இறக்கிவிடுகிறார்கள். காதுக்கும் மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது, அது திறந்தால்தான் அழுத்தம் சரியாகும். நாம் எச்சிலை விழுங்குவோம், கொட்டாவி விடுவோம், தீர்ந்தது. பச்சைக் குழந்தைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகல், சளி வேறு பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். காது வலிக்கிறது என்று அது எப்படிச் சொல்லும்? வீல் என்று கத்துகிறது.

இதில் தாய்மார்கள் செய்கிற ஒரு தப்பு, விமானம் ஏறும்போதே வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிடுவது. தூக்கத்தில் குழந்தை அவ்வளவாக விழுங்காது, அதனால் இறங்கும்போது வலியில் திடுக்கென்று விழிக்கிறது. கீழே இறங்க ஆரம்பிக்கிற நேரத்தில் எழுப்பி, தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்துக்கொண்டே வந்தால் பாதி அழுகை குறையும். என் மகளிடம் சொன்னபோது "தூங்கற புள்ளையை எழுப்பச் சொல்றீங்களேப்பா" என்று முறைத்தாள், ஒரு தடவை செய்து பார்த்த பிறகு அவளே கைப்பையில் ஒரு பாட்டிலைத் தனியாக எடுத்து வைக்கிறாள். அப்புறம் தூங்கட்டும் என்று சளி மருந்தை ஊற்றிக் கூட்டிவருகிறவர்களும் இருக்கிறார்கள், டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள், சில பிள்ளைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து ஆட்டம் அதிகமாகிவிடும்.

சரி, அதற்காகப் பெற்றோரை நான் மொத்தமாக விட்டுவிடவில்லை. கடைசியாக வந்தபோது என் சீட்டுக்குப் பின்னால் ஐந்து வயசுப் பையன் ஒருவன், முதுகில் உதை, மடக்கு மேசையைத் திறந்து டப், மூடி டப், அது சலித்ததும் போனில் முழுச் சத்தத்தில் ஒரே கார்ட்டூன் பாட்டு, எட்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் அப்பா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறார்! பையன் காதில் மாட்ட வேண்டியதைத் தன் காதில் மாட்டிக்கொண்ட மனுஷன், நான் சொன்னதும் "சின்னப் பிள்ளைதானே சார்" என்றார். பையன் சின்னப் பிள்ளைதான், இவருக்கு நாற்பது இருக்கும்.

தனிப் பகுதி ஒதுக்குவதெல்லாம் புதுசில்லை. விமான நிறுவனங்களில் ஸ்கூட் 2013-லும் இண்டிகோ 2016-லும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இடம் இல்லாத வரிசைகளைக் கொண்டுவந்தன. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தால் அழுகை கேட்காதா என்ன, சுவரா கட்டியிருக்கிறார்கள்? ஜப்பான் ஏர்லைன்ஸ் செய்தது பரவாயில்லை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எந்த சீட்டில் வருகிறது என்று முன்பதிவுப் படத்திலேயே காட்டினார்கள், வேண்டாதவர் தள்ளிப் போய்க்கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் உள்நாட்டு விமானம் ஒன்றில், சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்டவில்லை என்று என் மகளை ஒன்பதாவது வரிசையிலும் நாலு வயசுப் பேத்தியை இருபத்தொன்றிலும் போட்டுவிட்டார்கள், கவுண்டரில் கேட்டால் "உள்ளே போய் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று பதில். ஜன்னல் சீட்டுக்குக் காசு கட்டினவர் எழுந்திருக்க யோசிக்கிறார், குழந்தை அலறுகிறது, ஆளுக்கு ஆள் முறைப்பு. 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு, ஒரே டிக்கெட்டில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலில்தான் உத்தரவு போட்டது. அதை முன்பே செய்திருந்தால் என்ன?

2019-ல் சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஒரு தாய், நாலு மாதக் குழந்தை அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இருநூறு பேருக்கு மேல் காதடைப்பானும் மிட்டாயும் பையில் போட்டுக் கொடுத்தாராம். எல்லோரும் பாராட்டினார்கள், எனக்கு என்னவோ பாவமாக இருந்தது. நாலு மாதக் குழந்தைக்கு எதற்கு மன்னிப்பு?

விமான நிறுவனங்களுக்கு ஒரே ஒரு யோசனை. இறங்கப்போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள், மேசையை மடக்குங்கள் என்று அறிவிக்கிறீர்கள் அல்லவா, அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எழுப்பிப் பால் கொடுங்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். திருச்சி விமானத்தில் தமிழிலும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
திருச்சி