பாலத்துக்கு மேலே போன பஸ்

கிணத்துக்கடவு
புதன் இரவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குப் பல் முளைத்த பகுதியை வீட்டில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். என் மூட்டு வலியை விசாரித்திருந்தாய். அது சௌக்கியமாக இருக்கிறது, எனக்குத்தான் முடியவில்லை.

போன வாரம் கண்ணைக் காட்டக் கோவைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது உக்கடத்தில் பொள்ளாச்சி தனியார் பஸ் ஒன்று ஆள் கூவிக்கொண்டிருந்தது. கிணத்துக்கடவு என்றதும் கண்டக்டரின் முகம் சுருங்கியது. பின்னால் வண்டி வருகிறது, அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். பின்னால் வந்தவரும் அதையேதான் சொன்னார். மூன்றாவது பஸ்காரர் ஏற்றிக்கொண்டார். ஆனால் நம் ஊர் மேம்பாலம் தொடங்கும் இடத்திலேயே என்னை இறக்கிவிட்டு வண்டி பாலத்தின் மேல் பறந்துவிட்டது. கண்ணில் மருந்து ஊற்றிய மங்கலோடு சர்வீஸ் ரோட்டில் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தேன்.

ஊருக்குள் இறங்கி ஏறினால் அவர்களுக்குச் சில நிமிடம் போய்விடும். அந்தச் சில நிமிடத்தில்தான் அவர்கள் பிழைப்பே இருக்கிறது. டிக்கெட் விலையை அரசு நிர்ணயிக்கிறது, புறப்படும் நேரம் பர்மிட்டிலேயே இருக்கிறது. விலையைக் குறைத்து ஆளை இழுக்க முடியாது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டாவோ வசூலைப் பொறுத்தது. மிச்சம் இருப்பது முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும்தான். அதனால்தான் சுந்தராபுரம் வரை மாட்டு வண்டி போல உருட்டுகிறார்கள். கண்ணாடியில் பின்வண்டி தெரிந்துவிட்டால் போதும், ஈச்சனாரியிலிருந்து பேய் பிடித்த ஓட்டம். ஒரே பயணத்தில் இரண்டு தண்டனை.

பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் ஒருநாள் இரண்டு நிமிடத்துக்காக இரண்டு கண்டக்டர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார். இருபது நிமிடம் இரண்டு பஸ்ஸும் நகரவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த நாங்கள், அவர்கள் யாருக்காகச் சண்டை போடுகிறார்களோ அந்த ஆட்கள்தாமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உன் அப்பா நினைவுக்கு வந்தார். ஆனைமலை பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவர், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரமானால் வண்டி கிளம்ப வேண்டும் என்பாரே. 1972-இல் அந்தக் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டு சேரன் போக்குவரத்துக் கழகம் ஆனபோது ஒரு வாரம் யாருடனும் பேசாமல் இருந்தார். போட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியார் பஸ்ஸில் சீட்டு சுத்தமாக இருக்கிறது, பாட்டும் போடுகிறார்கள், கோவைக்கு அவசரமாகப் போகிறவன் கை தானாக அதற்குத்தான் நீளும். ஆனால் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் நின்று பார். அந்த நேரத்து ஆளுக்காக எந்தக் கம்பெனியும் அடித்துக்கொள்வதில்லை.

வீட்டுக்காரி கட்சி வேறு. 2021 மே மாதம் பெண்களுக்கு அரசு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்றானதிலிருந்து, எத்தனை தனியார் வண்டி ஹாரன் அடித்தாலும் தலையைத் திருப்பமாட்டாள். அவள் கூட்டாளிகள் எல்லோரும் அப்படித்தான். தெரிந்த தனியார் டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் பாதி வசூல் போயிற்று என்று புலம்பினார். மீதி இருக்கிற ஆண்களைப் பிடிக்கத்தான் இன்னும் வேகமாக ஓடுகிறார்களோ என்னவோ.

தைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். உக்கடத்தில் ஏறும்போது நம் ஊர்ப் பெயரை வாயிலேயே எடுக்காதே. பொள்ளாச்சிக்கே டிக்கெட் எடு, ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் மெல்ல எழுந்து கதவோரம் நில். எப்படியும் பாலத்துக்கு முன்னால்தான் இறக்கிவிடுவார்கள். ஒரு போன் செய், ஸ்கூட்டரோடு அங்கேயே நிற்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்