கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள கயல் கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. பாதி சந்தோஷத்தில்தான். லீட்ஸில் ஒரு வாடகை வீட்டின் நிலவறையில் நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தீர்கள். மூன்றே வருஷத்தில் ஒரு ரெக்கார்டு கம்பெனி உங்களைத் தேடி வந்திருக்கிறது. அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தூக்கம் போனதற்கு மீதிக் காரணம் நீ போகிற போக்கில் சொன்ன ஒரு வரி. "நானும் கிட்டார் வாசிக்கிறவளும் கையெழுத்துப் போட்டால் போதுமாம்ப்பா. மற்ற ரெண்டு பேரும் நம்ம பசங்கதானே, அப்புறம் பார்த்துக்கலாம்."

நம் வீட்டு முன்னறையில் தி ஸ்மித்ஸ் என்ற மான்செஸ்டர் குழுவின் இசைத்தட்டு ஒன்று இருக்கிறதே, நினைவிருக்கிறதா? விரித்தால் உள்ளே சால்ஃபோர்டு லேட்ஸ் கிளப் வாசலில் நாலு பேர் நிற்கும் படம் இருக்கும். சின்ன வயதில் அதைத் தரையில் விரித்துவைத்து இவர் யார், அவர் யார் என்று கேட்பாய். அந்தப் படத்தில் இருப்பவர்கள் நாலு பேர். அவர்களுடைய ரெக்கார்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். நீ சொன்ன அதே இரண்டு பேர்: பாடியவரும் கிட்டார் வாசித்தவரும்.

1983 செப்டம்பரில் நான் கோவையிலிருந்து கணக்குப் படிக்க மான்செஸ்டர் வந்தேன். நாட்டில் 30 லட்சம் பேருக்கு வேலை இல்லாத காலம் அது. பழைய பருத்தி ஆலைகள் பூட்டிக் கிடந்தன. நாலு மணிக்கே இருட்டிவிடும். என் அறைக்குப் பக்கத்து அறைக்காரன் ஸ்மித்ஸின் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவான். வார்த்தை பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தக் கிட்டார்! மழைக்குப் பிறகு வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். பாடுகிறவர் இந்த ஊர்த் தெருவையும், வேலை கிடைக்காத பையனின் வெட்கத்தையும், துணையில்லாத ராத்திரியையும் அப்படியே பாட்டில் வைத்திருந்தார். ஊரை விட்டு வந்து தனியாகக் கிடந்த எனக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை.

நவம்பர் 24-ஆம் தேதி முதல் முறையாக பிபிசி டிவியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பாட்டு நிகழ்ச்சியில் வந்தார்கள். அதே ராத்திரி மான்செஸ்டருக்குத் திரும்பி ஹசியெண்டா கிளப்பில் வாசித்தார்கள். நானும் போனேன். உள்ளே இடமில்லை. விட்வொர்த் தெருவில் குளிரில் நின்று சுவர் வழியாகக் கேட்டேன். அந்த நிமிஷத்தில் ஊரே அவர்களுடையதாக இருந்தது.

அவர்கள் ஆரம்பித்த விதமும் உங்களுடையதைப் போலத்தான். 1982-இல் கிட்டார் வாசிக்கும் 18 வயது ஜானி மார், ஸ்ட்ரெட்ஃபோர்டில் கிங்ஸ் ரோட்டில் இருந்த மோரிஸ்ஸியின் வீட்டுக் கதவைத் தட்டினார். மோரிஸ்ஸிதான் பிறகு குழுவின் பாடகர். பாட்டு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். டிரம்ஸுக்கு மைக் ஜாய்ஸ் வந்தார். கொஞ்ச நாளில் பேஸ் கிட்டாருக்கு ஆண்டி ரூர்க் வந்தார், மாரின் பள்ளிக்கூட சிநேகிதன். துணிக்கடை நடத்திய ஜோ மாஸ் தன் கட்டடத்திலேயே ஒத்திகைக்கு இடம் கொடுத்து, மேனேஜராகவும் இருந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ரஃப் டிரேட் என்ற சின்னக் கம்பெனி தட்டு வெளியிட்டது. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 1984-இல் முதல் ஆல்பம் இரண்டாம் இடம், 1985-இல் இரண்டாவது ஆல்பம் முதல் இடம், 1986-இல் மூன்றாவது மறுபடி இரண்டாம் இடம். ஐந்து வருஷத்துக்குள் சுமார் 70 பாட்டு. இங்கிலாந்தில் அந்த வேகத்தில் அவ்வளவு நல்ல பாட்டுகள் கொடுத்த இன்னொரு குழுவை நான் கேட்டதில்லை.

ஆனால் ஜோ மாஸ் ஆரம்பத்திலேயே விலகிவிட்டார். அவருக்குப் பிறகு நிலையாக ஒரு மேனேஜர் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். பாட்டுக்கு இசை அமைக்கிற மாரே வண்டி வாடகைப் பாக்கிக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனியோடு வழக்கு வந்து மூன்றாவது ஆல்பம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ரூர்க் ஹெராயினில் விழுந்தார். 1986-இல் அவரை நீக்கினார்கள், கொஞ்ச நாளிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பயணம் எல்லோரையும் உலுக்கி எடுத்துவிட்டது. 1987 கோடையில் மார் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 23. நான்காவது ஆல்பம் கடைக்கு வந்தபோது அப்படி ஒரு குழுவே இல்லை. அன்று அதை வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை.

அப்புறம் வந்ததுதான் உனக்காக நான் எழுத உட்கார்ந்த விஷயம். பாட்டு எழுதிய உரிமைப் பணம் மோரிஸ்ஸிக்கும் மாருக்கும். அதில் யாருக்கும் தகராறு இல்லை, ஜாய்ஸும் அதைக் கேட்கவில்லை. தகராறு வந்தது ரெக்கார்டு விற்பனை, மேடை நிகழ்ச்சி வருமானத்தில். அதை இவர்கள் இருவரும் ஆளுக்கு 40 சதவீதம் எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 சதவீதம் கொடுத்து வந்தார்கள். அப்படித்தான் பேசினோம் என்றது ஒரு பக்கம். அப்படி நான் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றார் ஜாய்ஸ். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. 1890-ஆம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம் சொல்வது ரொம்ப எளிது: வேறு மாதிரிப் பேசிக்கொண்டதாகக் காட்ட முடியாவிட்டால் கூட்டாளிகளுக்குச் சம பங்கு. நம்மூர் 1932 சட்டமும் இதையே சொல்கிறது, பி.காமில் முதல் வருஷமே படித்தேன். ஜாய்ஸுக்கு 25 சதவீதம் என்று நீதிபதி முடிவு செய்தார். பழைய பாக்கி சுமார் 10 லட்சம் பவுண்டு. மோரிஸ்ஸி மேல்முறையீடு செய்து 1998-இல் அதிலும் தோற்றார்.

ஆண்டி ரூர்க்கைப் பார். கையில் காசில்லாத நேரம், 1989-லேயே 83,000 பவுண்டு வாங்கிக்கொண்டு, இனி 10 சதவீதம் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்று அதே பாட்டுகளை வாசித்தவருக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பேஸை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேட்டுப் பார், அதுவே இன்னொரு பாட்டாக ஓடிக்கொண்டிருக்கும். 2022-இல் நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் மார் அவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அடுத்த மே மாதம் ரூர்க் புற்றுநோயில் போய்விட்டார். பிரிந்த பிறகு அந்த நாலு பேரும் கடைசிவரை ஒரே மேடையில் நிற்கவே இல்லை.

அவர்களில் யாரையும் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை கண்ணு. இருபது வயதில் சிநேகிதனிடம் காசைப் பற்றிப் பேச நாக்கு கூசும். அந்தக் கூச்சம்தான் பதின்மூன்று வருஷம் கழித்துக் கோர்ட்டில் போய் நின்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையில் நீ இருக்கிற இடம் ஜாய்ஸின் இடம் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர்களின் இடம். உன்னை யாரோ ஏமாற்றிவிடுவார்கள் என்று பயந்து நான் எழுதவில்லை. உன்னோடு மூன்று வருஷம் வேன் தள்ளிய அந்தப் பையன்கள் இரண்டு பேருக்காக எழுதுகிறேன். உன் பாட்டு வரிகள் உன்னுடையவை, அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதே. ரெக்கார்டு, மேடை, டி-ஷர்ட்டு வருமானத்தை நாலாகப் பிரிப்பதா, வேறு விதமா என்று நாலு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் நாலாகத்தான் பிரிப்பேன். உனக்குக் கூடுதல் வேண்டும் என்று தோன்றினால் அதை அந்த டிரம்ஸ் பையனின் முகத்தைப் பார்த்துச் சொல், அவன் சரி என்றால் எழுதி வை. ஒருவர் விலகினால் என்ன, குழுவின் பெயர் யாருக்கு, வேன் வாடகைக்கு யார் பொறுப்பு, இவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். இசைக்கலைஞர்களின் சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியனில் சேர்ந்தால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் உண்டு. நாலு பேரும் சேருங்கள். சந்தாப் பணத்தை நான் கட்டுகிறேன்.

வருகிற ஞாயிறு நாலு பேருமாக ரயிலேறி வாருங்கள். கம்பெனி அனுப்பிய தாள்களையும் எடுத்து வா, ஒன்று விடாமல். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். நான் கணக்கு மட்டும் பார்க்கிறேன், பேச வேண்டியது நீங்கள்தான்.

அந்த டிரம்ஸ் பையன் காரம் சாப்பிடுவானா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா