மெஷின் கோப்பில் புது மாறியா? விளக்கத்தோடு அனுப்புங்கள்

நண்பர்களே, யோக்டோவில் (சாதனங்களுக்கான லினக்ஸை உருவாக்கும் கருவித்தொகுப்பு) நம் போர்டுக்கான மெஷின் கோப்பில், அதாவது போர்டின் வன்பொருள் அமைப்புகளைச் சொல்லும் கோப்பில், புது மாறி சேர்ப்பவர்கள், அது எதற்கு, மதிப்பை எந்த வடிவில் கொடுக்க வேண்டும், விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே கமிட்டில் எழுதிவிடுங்கள். போன வாரம், எந்த சீரியல் போர்ட்டில் லாகின் வர வேண்டும் என்று சொல்லும் சீரியல் கன்சோல்ஸ் (SERIAL_CONSOLES) மாறியில், வேகமான 115200-க்கும் போர்ட்டின் பெயரான டிடிஒய்எஸ்0-க்கும் (ttyS0) நடுவே அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்துவிட்டது. கர்னல் செய்திகள் எல்லாம் ஓடின, லாகின் மட்டும் வரவே இல்லை, கேபிளைச் சந்தேகப்பட்டே ஒரு மதியம் முழுக்கப் போனது. மாறியின் பெயரை அடுத்து சதுர அடைப்புக்குள் டாக் (doc) என்று போட்டு ஒரு வரி எழுதினாலே போதும். அப்புறம், மதிப்பு எந்தக் கோப்பில் எந்த வரியில் மாறியது என்று பிட்பேக்-கெட்வார் (bitbake-getvar) கட்டளை காட்டிவிடும், ஆனால் ஏன் மாற்றினோம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். பழைய மாறிகளுக்கு இன்று நான் தொடங்குகிறேன், டிவைஸ் ட்ரீ (வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் தரவு) பக்கம் தெரிந்தவர்கள் கை கொடுங்கள்.